சிற்றூரில் ஓவியக்கூடம்: கமிஷனா, சுவர் வாடகையா, காசு கொடுத்து வாங்குவதா, சங்கமா?

ஓவியக்கூடம் ஆரம்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். இடம் பார்த்தாகிவிட்டது, வெள்ளையடித்தாகிவிட்டது, தெரிந்த ஓவியர்கள் நாலைந்து பேர் படம் தருகிறேன் என்கிறார்கள். அவர்களிடம் என்ன பேசுவது? விற்றதில் பங்கு என்று பேசுவதா, சுவருக்கு மாத வாடகை வாங்குவதா, படத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வதா, எல்லாரும் சேர்ந்து சங்கமாக நடத்துவதா? போன இரண்டு மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் மன்னார்குடி, ஒருவர் சீர்காழி, இன்னொருவர் புதுக்கோட்டைப் பக்கம்.

நான் திருவையாற்றில் எட்டு வருடமாக ஒரு சின்னக் கூடம் நடத்துகிறேன். பழைய வீடு ஒன்றின் முன்கட்டு: திண்ணை, ரேழி, அப்புறம் வீட்டில் கூடம் என்று சொல்வோமே, அந்தக் கூடமேதான் ஓவியக்கூடம். நாலு முறையையும் கொஞ்சமாவது செய்து பார்த்துப் பணமும் விட்டிருக்கிறேன். அதனால் கேட்டவர்களுக்கு இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது காலி மாதங்களை. எல்லாரும் திருவிழா மாதத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் ஊரில் தை மாதம் தியாகராஜ ஆராதனை ஐந்து நாள்; சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சித்திரையில் ஏழூர்த் திருவிழா. ஆடிப்பெருக்குக்கும் ஆடி அமாவாசைக்கும் புஷ்யமண்டபப் படித்துறையில் நிற்க இடம் இருக்காது. ஆனால் ஆடிக்கு வருகிறவர்கள் ஈரத்துணியும் கைக்குழந்தையுமாக வருகிறார்கள். காதோலை கருகமணி வாங்குவார்கள், காப்பரிசி தின்பார்கள், அசோகா வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். படம் வாங்கும் கூட்டம் ஆராதனைக் கூட்டம் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் முழுக்க வாசற்படியை ஒருவர்கூட மிதிக்காமல் போனதுண்டு. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். எந்த முறையை எடுத்தாலும் அந்தக் காலி மாதத்தில் அது உங்களைத் தாங்குமா என்று கேளுங்கள்.

இரண்டாவது, நிலைச் செலவு. என் கணக்கைச் சொல்கிறேன்: வாடகை 6,000, கரண்ட் சுமார் 1,200, மதியம் வந்து உட்காரும் பெண்ணுக்கு 5,000, பல்பு, ஆணி, துடைப்பம், இணையம் என்று 800. ஆக மாதம் 13,000 ரூபாய். சொந்த வீட்டு முன்கட்டுதானே, செலவில்லை என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடம் என்று பலகை மாட்டிவிட்டால் அந்தப் பகுதிக்கு வணிக மின் இணைப்பு வாங்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உண்டு. வணிக இணைப்புக்கு அது கிடையாது. சொத்து வரியும் வணிக விகிதத்துக்கு மாறும்.

மூன்றாவது, யார் பணம் முடங்குகிறது. ஒரு படம் ஆறு மாதம் விற்காமல் தொங்கினால் அந்தப் பணம் உங்களுடையதா, ஓவியருடையதா?

நான்காவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. படம் கெட்டுப்போனால் யார் பொறுப்பு? டெல்டாவில் ஈரக்காற்றும் கரையானும் இராமபாணப் பூச்சியும் இல்லாத வீடு கிடையாது.

ஒரே பார்வையில் பார்க்க ஒரு அட்டவணை:

| | கமிஷன் | சுவர் வாடகை | காசு கொடுத்து வாங்குவது | சங்கம் |
|---|---|---|---|---|
| கையில் வேண்டிய முதல் | மூன்று மாத நிலைச் செலவு | ஒரு மாத நிலைச் செலவு | நிலைச் செலவோடு 40,000-50,000 ரூபாய் | ஆளுக்குக் கொஞ்சம் |
| காலி மாதத்தில் | கூடம் அடிபடும் | ஓவியர் அடிபடுவார் | கூடம் இரட்டை அடி படும் | எல்லாரும் பகிர்வார்கள் |
| யார் பணம் முடங்கும் | ஓவியர் | ஓவியர் | நீங்கள் | உறுப்பினர்கள் |
| மறைந்திருக்கும் செலவு | படச் சட்டம் (ஃபிரேம்), சேதம், கணக்கு | படங்களின் தரம், ஓவியரின் மனம் | பூஞ்சை, தேங்கும் சரக்கு | நேரம், பேச்சுவார்த்தை |
| பொருந்தும் இடம் | பெரும்பாலான சிற்றூர்கள் | திருவிழா நாள், தனிநபர் கண்காட்சி | சின்னப் படம், கைவினைப் பொருள் | ஏழு பேராவது உள்ள ஊர் |

## கமிஷன்: விற்றதில் பங்கு

படம் ஓவியருடையது. உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். விற்றால் ஒரு பங்கு உங்களுக்கு, விற்காவிட்டால் படம் அவர் வீட்டுக்குத் திரும்பும். பெருநகரக் கூடங்கள் பாதி வரைகூட எடுப்பதுண்டு. நான் 30 சதவீதம் எடுக்கிறேன். சிற்றூரில் அதற்கு மேல் கேட்டால், வாங்குபவரை ஓவியர் நேராக வீட்டுக்கே கூப்பிட்டுவிடுவார். அது அவர் தப்பும் இல்லை.

கணக்கு இப்படி: 8,000 ரூபாய்ப் படம் விற்றால் எனக்கு 2,400. என் 13,000 ரூபாய்ச் செலவைக் கட்ட மாதம் ஆறு படம் விற்க வேண்டும். தை மாதம் ஆறு நடக்கும். ஐப்பசியில் ஒன்று விற்றால் பெரிய விஷயம். கமிஷன் மட்டும் நம்பினால் இந்த இடைவெளி வருடத்தில் ஏழெட்டு மாதம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படி அடைப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மறைந்திருக்கும் முதல் செலவு படத்தைச் சுற்றிப் போடும் சட்டம். ஓவியர் 1,200 ரூபாய் போட்டுச் சட்டம் மாட்டிக் கொண்டுவந்திருப்பார். மொத்த 8,000-க்கும் 30 சதவீதம் பிடித்தால் அவர் கைக்கு 5,600 வரும்; சட்டச் செலவு போக 4,400. சட்டத்துக்கான 1,200-ஐ முதலில் அவருக்கு ஒதுக்கிவிட்டு மீதி 6,800-க்கு மட்டும் பங்கு பிரித்தால், சட்டச் செலவு போக அவருக்கு 4,760 நிற்கும். 360 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் அந்த 360-ல் கசந்துபோன உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறைதான் நியாயம் என்பது என் கட்சி.

அடுத்தது பேரம். நம் ஊரில் சொன்ன விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். "ஃபைனலா சொல்லுங்க" என்பார்கள். ஓவியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் ஆள் போய்விடுவார். அதனால் எவ்வளவு வரை குறைக்கலாம் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சேதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2021 நவம்பரில் கொட்டிய மழை நினைவிருக்கும். மூன்று வாரம் வெயிலே பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் தந்திருந்த காவிரிப் படித்துறை நீர்வண்ணம், விலை 6,000, தெருப்பக்கச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தூசி தட்ட இறக்கினேன். பின்னட்டை நமுத்த அப்பளம் மாதிரி வளைந்தது. திருப்பிப் பார்த்தால் அவர் அத்தனை நிதானமாகக் கழுவிவிட்டிருந்த வானத்தில் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள். மேகம் என்று சொல்லிச் சமாளிக்க முடியாத இடத்தில். சொல்லி அனுப்பினேன், வந்தார். படத்தைத் திண்ணை வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, இது இப்ப என் படமா, உங்க படமா?"

என்னிடம் பதில் இல்லை. விலையைத் தவிர நாங்கள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. விற்றிருந்தால் அவருக்குப் போயிருக்க வேண்டிய 4,200 ரூபாயைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், படத்தையும் எடுத்துப்போனார். அதற்கப்புறம் ஒரு வருடம் புதுப் படம் தரவில்லை.

அந்த வாரமே ஒப்படைப்புச் சீட்டு அச்சடித்தேன். இரண்டு படி, ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அளவு, ஊடகம், விலை, பங்கு, சட்டச் செலவு யாருடையது, தள்ளுபடி வரம்பு, விற்றபின் எத்தனை நாளில் பணம், எத்தனை மாதத்தில் திருப்பித் தருவது, கூடத்தில் இருக்கும்போது கெட்டால் யார் பொறுப்பு என்று எல்லாம் அதில் உண்டு. வாங்கும் அன்றே முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுவேன். இப்போது மழை மாதங்களில் நீர்வண்ணம் எதையும் வெளிச்சுவரில் மாட்டுவதில்லை. சட்டத்தின் நாலு மூலையிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும். ஒரு படத்துக்கு இரண்டு ரூபாய்கூட ஆகாது. புரட்டாசி கடைசியில் நீர்வண்ணங்களை உள்சுவருக்கு மாற்றிவிட்டு, அக்ரிலிக்கையும் தஞ்சாவூர்ப் படங்களையும் வெளிப்பக்கம் கொண்டுவருகிறேன். தஞ்சாவூர்ப் படத்திலும் பின்னால் இருப்பது பலகை, மேலே சுண்ணாம்புத் தூளில் செய்த சுக்கான் வேலை. சுவர் ஓதம் அதற்கும் ஆகாது. கார்க் அதற்கும் கட்டாயம்.

கணக்கு வேலையும் உண்டு. வாங்குபவர் முழு 8,000-ஐயும் யுபிஐயில் உங்கள் கணக்குக்கே போடுவார். உங்கள் வருமானம் 2,400. வங்கிக் கணக்கு 8,000 என்று சொல்லும். கமிஷன் தொகை, ஓவியருக்குக் கொடுத்த தொகை இரண்டுக்கும் தனித்தனி ரசீது வைத்திருந்தால் வருமான வரி நேரத்தில் தூக்கம் கெடாது. ஜி.எஸ்.டி. பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பொருள் மட்டும் விற்பவருக்கு வருடம் 40 லட்சமும் சேவைக்கு 20 லட்சமும் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு தேவை. கமிஷன் சேவையில் வரும். சிற்றூர்க் கூடம் அந்தப் பக்கம் போக நாளாகும். வெளிமாநிலத்துக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் மட்டும் விதி வேறு. அப்போது கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

## சுவர் வாடகை

எட்டு ஓவியர், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய், விற்ற பணம் முழுக்க அவர்களுக்கே. கூடத்துக்கு மாதா மாதம் 8,000 நிச்சயம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானும் ஏழு மாதம் செய்தேன்.

இதை நிரந்தர முறையாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காசு தருகிறவர் படம் சுவருக்கு வந்துவிடுகிறது, நல்ல படம் வரைந்தும் ஆயிரம் ரூபாய் புரட்ட முடியாத பையன் வெளியே நிற்கிறான். படம் விற்றாலும் விற்காவிட்டாலும் எனக்குப் பணம் வந்துவிடுவதால், உள்ளே வந்தவரிடம் எழுந்து போய்ப் பேசும் அக்கறை என்னிடமே குறைந்துபோனதை நான் பார்த்தேன். ஓவியர் பக்கம் பாருங்கள்: வருடம் 12,000 கட்டி 8,000 ரூபாய்ப் படம் ஒன்று விற்றவர் அடுத்த வருடம் வருவாரா?

பொருந்தும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. ஆராதனை ஐந்து நாளுக்கு மட்டும் திண்ணையை வாடகைக்கு விடலாம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்த மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வாரக் கண்காட்சி வைக்கலாம். ஓய்வுபெற்றவர் ஒருவர் தன் முப்பது வருடப் படங்களை ஊருக்குக் காட்ட ஆசைப்படலாம். இப்படி நாள் கணக்கில், இத்தனை ரூபாய் என்று பேசிக் கொடுப்பதில் தப்பில்லை. அவருக்கு என்ன கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

## காசு கொடுத்து வாங்கி விற்பது

ஓவியருக்கு இதைப் போல மரியாதை வேறில்லை. படத்தைப் பார்த்தவுடன் பணம் எண்ணி வைக்கிறீர்கள். அதனால்தான் எனக்கும் ஆசை வந்தது. 2019 கடைசியில் கையிருப்பு 40,000-ஐப் போட்டு எட்டுப் படம் வாங்கினேன், ஒன்று 5,000. விற்பனை விலை 8,500 என்று வைத்தேன். ஆராதனையில் இரண்டு போனது. மார்ச்சில் ஊரடங்கு. மீதி ஆறும் கடைசியாக விற்று முடிந்தபோது 2022 பாதி ஆகிவிட்டது, அதிலும் மூன்றை வாங்கிய விலைக்கே கொடுத்தேன்.

பெருந்தொற்று போல ஒன்று எல்லா வருடமும் வராதுதான். இருந்தாலும் காலி மாதத்தில் இந்த முறையில் இரண்டு பக்கமும் அடி விழும்: வாடகையும் உங்கள் காசு, தொங்குகிற படமும் உங்கள் காசு. பூஞ்சை வந்தால் அதுவும் உங்கள் நஷ்டம்.

சட்ட விதிகளில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். படத்தை வாங்கினால் படம்தான் உங்களுடையது, அதை அச்சடிக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கிறது. அஞ்சலட்டை, நாள்காட்டி போட வேண்டுமென்றால் அவரிடம் எழுத்து மூலம் உரிமை வாங்க வேண்டும். அடுத்து, 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு. அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் அந்த விலையில் ஓவியருக்கு ஒரு பங்கு கேட்கும் உரிமை உண்டு; உச்சவரம்பு 10 சதவீதம். இது நமக்கு எங்கே வரப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். ஐயாயிரத்துக்கு வாங்கிய பையன் படத்தை நாளைக்கு ஐம்பதாயிரத்துக்கு விற்கும் நல்ல நாள் வந்தால், அவனைக் கூப்பிட்டு அவன் பங்கைக் கொடுங்கள்.

சின்ன உருப்படிகளுக்கு மட்டும் இந்த முறை மிகப் பொருத்தம். 300 முதல் 1,500 ரூபாய்க்குள் விற்கும் பென்சில் ஓவியம், கையகல நீர்வண்ணம், தஞ்சாவூர் நெட்டி வேலை, கருப்பூர்க் கலம்காரித் துண்டு. இவற்றுக்கு ஒப்படைப்புச் சீட்டு எழுதிக்கொண்டிருக்க நேரமிருக்காது. தலையாட்டி பொம்மை வாங்க வந்தவர் நெட்டியில் செய்த பெரிய கோயில் விமானத்தைப் பார்த்துவிட்டு அதையும் எடுத்துப்போவார். காசு கொடுத்து வாங்கி, மேசைமேல் வைத்து, விற்றுத் தீர்ந்ததும் மறுபடி வாங்குங்கள்.

## ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம்

இதற்கு நம் கண்முன்னே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் நிலம் வாங்கியது ஓவியம் விற்ற காசில் என்று பலர் நினைக்கிறார்கள். பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள், அந்தப் பணம்தான் நிலத்துக்கு உதவியது. சாயத்தில் கை நனைத்து இடத்தைச் சம்பாதித்துவிட்டு, தங்களுக்கு வேண்டிய ஓவியத்தை யாருடைய தயவும் இல்லாமல் வரைந்தார்கள். சிற்றூரில் கூடம் வைக்க நினைக்கிற எல்லாரும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அப்புறம் வருடா வருடம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். கமிஷன் முறையில் எனக்கு வரும் நஷ்டம் இங்கே ஏழாகப் பிரியும், ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டால் வாடகை முதல் கரண்ட் வரை முடிந்துவிடும்.

செலவு நேரத்தில்தான் இருக்கிறது. முறைவைத்து ஆளுக்கு ஒரு நாள் கூடத்தில் உட்கார வேண்டும். மூன்றாவது மாதத்தில் இருவர் வரமாட்டார்கள். யார் படம் வாசலுக்கு நேரே தொங்குவது என்பதில் மனத்தாங்கல் வரும். பக்கத்து ஊரில் நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கம் இரண்டே வருடத்தில் கலைந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. நோட்டில் கணக்கு எழுத ஒருவரும் உட்காரவில்லை, அதுதான் காரணம். ஏழு பேரில் ஒருவராவது கணக்கு எழுதுவதை விரும்பிச் செய்கிறவராக இருந்தால் இந்த முறையைத் தைரியமாக எடுக்கலாம். அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்துவிடுங்கள்.

## நான் எதைச் சொல்வேன்

மன்னார்குடிக்காரருக்கு சொந்த வீடு, பள்ளிக்கூட வேலை, சாயங்காலம் மட்டும் திறக்க முடியும். அவர் கமிஷன் முறையில் பத்துப் பன்னிரண்டு படத்தோடு தொடங்கலாம். சீர்காழியில் ஓவியர்களே ஒன்பது பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் வங்கியில் ஓய்வுபெற்றவர். அவர்கள் சங்கமாகவே போகலாம், நோட்டு அவரிடம். புதுக்கோட்டைத் தம்பி கையில் 60,000 ரூபாயை வைத்துக்கொண்டு பெரிய படங்களாக வாங்கத் துடிக்கிறார். வேண்டாம் தம்பி. அதில் 15,000-க்குச் சின்ன உருப்படிகள் வாங்குங்கள். மீதியை மூன்று மாத நிலைச் செலவுக்காக வங்கியில் போடுங்கள். பெரிய படங்களைக் கமிஷனுக்குக் கேளுங்கள், தருவார்கள்.

இனி அந்த இடைவெளிக்கு வருகிறேன். என் கூடத்தைக் காலி மாதங்களில் காப்பாற்றுவது படங்களுக்குச் சட்டம் போடும் வேலைதான். ரேழியில் ஒரு மேசை, கோணம் வெட்டும் கருவி, கண்ணாடி அறுக்கும் வைரம், சட்டத்துக்கான மோல்டிங் கட்டை பத்து வகை. கல்யாணப் போட்டோ, தாத்தா படம், சாமி படம், பிள்ளைகளின் பரதநாட்டியச் சான்றிதழ் என்று வந்துகொண்டே இருக்கும். ஐப்பசியில் ஒரு ஓவியம்கூட விற்காத மாதத்திலும் இதில் ஏழாயிரம் எட்டாயிரம் வந்துவிடுகிறது. சட்டம் போட வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே போய்ப் படம் பார்க்கிறார்கள். என்னிடம் முதல் படம் வாங்கிய உள்ளூர்க்காரர் அப்படித்தான் வந்தார், அப்பாவின் படத்துக்குக் கண்ணாடி மாற்ற.

டிராயிங் மாஸ்டரும் இப்போது மறுபடி படம் தருகிறார். போன வாரம் கொண்டுவந்தது ஆறு படம், எல்லாம் படித்துறைதான். சீட்டில் கையெழுத்துப் போடும் முன் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்: கூடத்தில் இருக்கும் வரை சேதத்துக்குக் கூடமே பொறுப்பு. "சரி தம்பி" என்றார். அப்புறம் ஒவ்வொரு படத்தையும் திருப்பி, பின்னால் கார்க் ஒட்டியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.